விண்வெளி வீரர் வேடத்துக்குக் காலில் என்ன போடுவது? ககாரின் முதல் ஸ்கைலேப் வரை ஓர் ஒப்பீடு

மாறுவேடப் போட்டி, அறிவியல் கண்காட்சி, மேடை நாடகம், குறும்படம் என்று ஏதோ ஒன்றுக்காக விண்வெளி வீரர் உடை தைக்க உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் கால்தான். உடைக்கு வெள்ளைத் துணி கிடைத்துவிடும். முதுகுப் பெட்டிக்கு அட்டை போதும். ஹெல்மெட்டையும் எப்படியோ வெட்டி ஒட்டிச் சமாளித்துவிடலாம். காலுக்கு மட்டும் ஒன்றும் தோன்றாது. அவசரத்தில் பழைய ஷூவின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி அனுப்பிவிடுவார்கள். மேடையில் நாலு எட்டு வைப்பதற்குள் அது கிழிந்து தொங்கும்.

"எந்த பூட்ஸ் செய்யலாம்?" என்று கேட்கும் வாசகர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீரர் அந்தக் காட்சியில் என்ன செய்துகொண்டிருக்கிறார்? முதன்முதலில் விண்வெளிக்குப் போன ககாரின் 1961-இல் போட்டதும், நிலாவில் நடந்த ஆல்ட்ரின் 1969-இல் போட்டதும் பார்வையிலும் வேலையிலும் வேறு வேறு. ஒன்று பாராசூட்டில் இறங்குவதற்கு, ஒன்று படுத்தபடி கிடப்பதற்கு, ஒன்று நிலாத்தூளை மிதிப்பதற்கு, இன்னொன்று தரையில் கொக்கி போட்டு நிற்பதற்கு. வேலை தெரிந்துவிட்டால் பூட்ஸ் தானாகவே முடிவாகிவிடும். முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் நிலா பூட்ஸுக்குப் போய்விடுகிறார்கள். பல காட்சிகளுக்கு அது பொருந்தாது. பாடும் அதிகம்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, மேலே சொன்ன வேலை. இரண்டாவது, உடையோடு பொருத்தம். ஆரஞ்சு உடைக்குக் கீழே வெள்ளி பூட்ஸ் வந்தால் விஷயம் தெரிந்த நடுவர் முதலில் பார்ப்பது அதைத்தான். மூன்றாவது செய்யும் பாடும் செலவும். இதில் கடை விலை மட்டும் கணக்கல்ல. பெயிண்ட் காயும் நேரம், ஒட்டியது பிரிந்தால் திரும்ப ஒட்டும் வேலை, ஒரு காலணியைத் தேர்ந்தெடுத்ததால் உடையில் செய்ய வேண்டிவரும் மாற்றம், எல்லாம் சேரும். நான்காவது, போட்டிருப்பவர் படும் அவஸ்தை. குழந்தை வரிசையில் நிற்க வேண்டும், படி ஏற வேண்டும், நடுவில் கழிப்பறைக்கும் போக வேண்டும். கடைசியாக, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது விண்வெளி வீரரின் கால் என்று தெரிய வேண்டும்.

எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கும் காலணி ஒன்றுகூட இல்லை.

## ககாரினின் தோல் பூட்ஸ், 1961

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் வோஸ்டாக் கலத்தில் 108 நிமிடப் பயணம் போனபோது அணிந்திருந்தது எஸ்.கே-1 என்ற அழுத்த உடை. வெளியே தெரிவது பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி. காலில் கனத்த தோல் பூட்ஸ். விண்வெளிக்கென்றே பிறந்த பொருளாக அது கண்ணுக்குத் தோன்றாது; ராணுவ முகாமில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காரணம் கலத்தின் அமைப்பில் இருக்கிறது. வோஸ்டாக் தரையில் மோதும் வேகம் உள்ளே இருப்பவருக்கு ஆபத்தானது. அதனால் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் வீரர் இருக்கையோடு வெளியே தள்ளப்பட்டு, தனியாகப் பாராசூட்டில் இறங்குவார். ககாரின் அப்படித்தான் சரத்தோவ் பகுதியில் எங்கெல்ஸ் நகருக்கு அருகே, ஸ்மெலோவ்கா கிராமத்தை ஒட்டிய வயலில் இறங்கினார். ஆரஞ்சு உடையில் நடந்து வந்தவரை முதலில் எதிர்கொண்டவர்கள் அன்னா தக்தரோவா என்ற பெண்மணியும் அவருடைய பேத்தி ரீட்டாவும். சுற்றுப்பாதையில் இருந்தவரை அந்த பூட்ஸுக்குப் பெரிதாக வேலையில்லை. கணுக்கால் பிசகாமல் தரையைத் தொடவும், உழுத மண்ணில் நடந்து ஆளைத் தேடவும்தான் அது தேவைப்பட்டது.

செய்பவருக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. வீட்டில் யாராவது என்.சி.சி.யில் இருந்தால் பூட்ஸ் தயார். கணுக்காலுக்கு மேலே ஏறும், லேஸ் கட்டும் அடர்நிறத் தோல் பூட்ஸ் எதுவானாலும் சரி. நன்றாக பாலிஷ் போட வேண்டும், அவ்வளவுதான். நடக்கவும் சுகம், படியும் ஏறலாம்.

செலவு வேறு இடத்தில் காத்திருக்கிறது. காலில் மிச்சம் பிடித்ததை மேலே கொட்ட வேண்டும். ஆரஞ்சு அங்கியும் கறுப்பு பூட்ஸுமாக ஒருவர் மேடையேறினால், பார்ப்பவர் மனதில் முதலில் வருவது தீயணைப்போ சாலைப் பணியோதான். வெள்ளை ஹெல்மெட்டும், அதன் நெற்றியில் ரஷ்ய எழுத்தில் சிவப்பாக எழுதிய சோவியத் நாட்டுப் பெயர்ச் சுருக்கமும் இல்லாவிட்டால் ககாரின் காணாமல் போய்விடுவார். ஆக, ஹெல்மெட் கச்சிதமாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கே இந்தத் தேர்வு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ககாரினின் கால் என்று தேடினால், 1961 ஏப்ரல் 14 அன்று மாஸ்கோவின் வினுகோவா விமான நிலையத்தில் அவர் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வரும் படக்காட்சிதான் அதிகம் வரும். காலடியில் ஏதோ ஒன்று தொங்கி ஆடும். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது என்று உலகமே பதறியது. தொங்கியது காலுறையைப் பிடித்து நிறுத்தும் வார் என்பது பிறகு தெரிந்தது. அது ராணுவச் சீருடையோடு போட்ட சாதாரண ஷூ. அதைப் பார்த்து ஆரஞ்சு உடைக்குப் பளபளக்கும் ஷூ மாட்டிவிடாதீர்கள்.

அதேபோல, சோவியத் வீரர் என்றாலே இந்தத் தோல் பூட்ஸ்தான் என்றும் முடிவுகட்ட முடியாது. 1965 மார்ச் 18 அன்று அலெக்சி லியோனவ் கலத்தைவிட்டு வெளியே வந்து மிதந்தபோது போட்டிருந்தது பெர்குட் என்ற வெள்ளை உடை. வெற்றிடத்தில் அது ஊதிப்போனது. விரல்கள் கையுறையின் நுனியைவிட்டும் பாதங்கள் பூட்ஸைவிட்டும் விலகிப்போனதாக அவரே சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்த அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் கலத்துக்குள் திரும்ப முடிந்தது. நாடகத்துக்கு இது பிரமாதமான காட்சி. ஆனால் அதற்கு இரண்டு அளவு பெரிய வெள்ளை பூட்ஸும் உள்ளே பஞ்சும் வேண்டும், என்.சி.சி. பூட்ஸ் உதவாது.

## மெர்க்குரியின் வெள்ளி பூட்ஸ், 1961–63

மனிதரை விண்வெளிக்கு அனுப்ப அமெரிக்கா போட்ட முதல் திட்டம் மெர்க்குரி. ஆலன் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று போனதில் தொடங்கி, 1963 மே மாதம் கார்டன் கூப்பர் 34 மணி நேரம் சுற்றிவிட்டு வந்ததோடு முடிந்தது. கடற்படையின் மார்க் 4 என்ற உயரப்பறப்பு உடையை மாற்றியமைத்துக் கொடுத்தது, டயருக்குப் பெயர்போன பி.எஃப். குட்ரிச் நிறுவனம். வெளித்துணி அலுமினியம் பூசிய நைலான். அதனால்தான் அந்த வெள்ளி மினுமினுப்பு.

இந்த பூட்ஸில் யாரும் விண்வெளியில் ஓரடிகூட வைக்கவில்லை. வீரர் தன் உடம்பின் அச்சிலேயே வார்த்த இருக்கையில் மல்லாந்து, முழங்காலை மடக்கிப் படுத்திருப்பார். எழுந்து நிற்க இடமே கிடையாது. கலத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் மட்டும் உடை ஊதி அவரைக் காப்பாற்றும். அதுவரை இடுப்புப் பக்கத்தில் நுழையும் ஆக்சிஜன் கைகால்வரை ஓடிவிட்டு ஹெல்மெட் வழியாக வெளியேறும். கூப்பரின் பயணத்துக்கு வரும்போது தனி பூட்ஸைக் கழற்றிப் போடும் வேலையே வேண்டாம் என்று உடையோடு சேர்த்தே செய்துவிட்டார்கள்.

கைவேலைக்காரர்களுக்கு எனக்குப் பிடித்த சேதி இங்கேதான் இருக்கிறது. மெர்க்குரி வீரர்கள் ஏழு பேரும் வெள்ளி உடையில் நிற்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்துப் பாருங்கள். முன்வரிசையில் இடமிருந்து வலமாக ஷிர்ரா, ஸ்லேட்டன், கிளென், கார்ப்பென்டர். நடுவில் இருக்கும் ஸ்லேட்டன், கிளென் இருவர் காலிலும் இருப்பது விண்வெளி பூட்ஸே கிடையாது. தொழிற்கூடத்தில் போடும் சாதாரண வேலை பூட்ஸ். வெள்ளி ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துப் படத்துக்காக மாட்டிவிட்டார்கள். ஆக, பழைய பூட்ஸ் ஒன்றுக்கு ஸ்ப்ரே அடிப்பதை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால், நாசாவின் விளம்பரப் படத்திலேயே அது நடந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

செலவு ஒரு டப்பா பெயிண்ட். ஆனால் தோல் மடங்கும் இடத்தில், குறிப்பாக விரல்களுக்கு மேலே, பெயிண்ட் வெடித்து உதிரும். முந்தின இரவு அடித்துவிட்டுக் காலையில் போட்டால் கட்டாயம் உதிரும். பழைய பாலிஷை நன்றாகத் துடைத்து எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். மீதிப் பெயிண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நடக்கும் இடத்திலேயே தொட்டுப் பூச வேண்டிவரும். பெயிண்ட் அடித்த பூட்ஸ் அதற்குப் பிறகு வேறு எதற்கும் உதவாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தூரத்திலிருந்து அடையாளம் காண இதற்கு நிகர் இல்லை. வெள்ளி உடை, வெள்ளி பூட்ஸ் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. நடந்து காட்டும் காட்சிக்கு மட்டும் இது பொருந்தாது. இருக்கையில் சாய்ந்து புறப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஷெப்பர்டாகவோ, மூன்று முறை பூமியைச் சுற்றிய ஜான் கிளென்னாகவோ உட்கார்ந்தால் அழகு.

## ஜெமினியின் துணி பூட்ஸ், 1965–66

பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் தேர்வு இது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதும் இதைத்தான்.

மெர்க்குரிக்கு அடுத்து வந்த அமெரிக்கத் திட்டம் ஜெமினி. டேவிட் கிளார்க் நிறுவனம் அதற்குச் செய்த உடைகளில் பூட்ஸ் தனியாகக் கழற்றக்கூடியது. வடிவம் போர்வீரர் பூட்ஸ் மாதிரி. துணி, உடையின் வெளிப்புறத்துக்குப் போட்ட அதே நோமெக்ஸ். இது தீயைத் தாங்கும் நைலான் வகை. ஜெமினி கலத்தில் ஆபத்து வந்தால் வீரரை வெளியே தூக்கி எறியும் இருக்கை இருந்தது என்பதால், காலில் இருப்பதும் உறுதியாக இருக்க வேண்டியிருந்தது.

1965 ஜூன் 3 அன்று எட் வைட் கலத்துக்கு வெளியே இருபது நிமிடத்துக்கு மேல் மிதந்தாரே, அந்தப் படங்களில் இருப்பது இந்தக் குடும்பத்துக் காலணிதான். விண்வெளியில் காலால் ஆகும் காரியம் என்ன என்பதை நாசா பாடுபட்டுக் கற்றுக்கொண்டதும் இந்தத் திட்டத்தில்தான். 1966 ஜூனில் ஜெமினி 9ஏ-யில் யூஜின் செர்னன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே போராடினார். காலை ஊன்ற இடமில்லை. ஒரு குமிழைத் திருகப் போனால் உடம்பே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். உழைப்பில் உடம்பு சூடேறி, முகக்கண்ணாடி பனிபடர்ந்து, வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அந்த ஆண்டு நவம்பரில் ஜெமினி 12-இல் பஸ் ஆல்ட்ரின் போனபோது, கலத்தின் பின்பகுதியில் பாதத்தைச் செருகிக்கொள்ளும் இரண்டு பிடிகளைப் பொருத்தியிருந்தார்கள். அவற்றுக்குப் 'பொன் செருப்பு' என்று செல்லப் பெயர். பூட்ஸோடு காலை அதில் நுழைத்துக்கொண்டு, இரண்டு கையும் விடுதலையாக, பதற்றமில்லாமல் வேலையை முடித்தார்.

இதைச் செய்வது எப்படி? கணுக்காலை மூடும் வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்று போதும். உயரம் போதாவிட்டால் உடைக்கு வாங்கிய துணியிலேயே ஒரு பட்டை வெட்டி மேலே தைத்துவிடலாம். அதே துணி, அதே நிறம் என்பதுதான் இதன் தனி அழகு. உடையும் பூட்ஸும் ஒரே கையில் பிறந்த மாதிரி இருக்கும். குழந்தைக்கு எடை இல்லை, வியர்வை குறைவு. அடுத்த வாரம் அதையே பள்ளிக்கும் போட்டுப் போகலாம்.

குறை என்ன? தூரத்திலிருந்து பார்த்தால் பி.டி. ஷூதான். அதை ஈடுகட்ட மேடையில் ஏதாவது செய்ய வேண்டும். ஒரு அட்டைப் பலகையில் பொன்னிறத்தில் இரண்டு செருப்பு வடிவங்களை ஒட்டி, வீரர் அதில் காலைச் செருகிக்கொண்டு ஸ்பேனரைத் திருகட்டும். பார்ப்பவருக்கு ஒரு கதை கிடைத்துவிடும், சொல்வதற்கும் விஷயம் இருக்கும். கண்காட்சியில் வந்து கேள்வி கேட்கும் ஆசிரியர்களுக்கு இது நிலாவைவிட சுவாரசியமான பதில் என்பது என் எண்ணம். வெள்ளை கேன்வாஸ் அழுக்காகும், அது ஒன்றுதான் தொல்லை. மேடைக்குப் போகும்வரை பாலித்தீன் பையைக் காலில் கட்டிவையுங்கள்.

## அப்போலோவின் நிலா பூட்ஸ், 1969–72

எல்லாரும் கேட்பது இதைத்தான். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: நிலாவில் நடந்தவர்கள் காலில் பூட்ஸுக்கு மேல் பூட்ஸ் இருந்தது.

உள்ளே இருப்பது உடையோடு சேர்ந்த அழுத்த பூட்ஸ். அதற்கு மேலே, நிலாத்தரையில் இறங்குவதற்கு முன் மாட்டிக்கொள்ளும் மேல்பூட்ஸ். வெளித்துணி, நிக்கல்-குரோமியம் கலந்த உலோக இழையில் நெய்த குரோமெல்-ஆர். கூர்மையான பாறையில் உரசினாலும் கிழியாது. அடிப்பாகம் நீலநிற சிலிகான் ரப்பர், குறுக்கே குறுக்கே வரிகள் ஓடும். முன்பக்க நாக்குப் பகுதி டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி. உள்ளே காப்டன் என்ற பிளாஸ்டிக் படலமும் கண்ணாடியிழையும் மாறி மாறி 25 அடுக்கு. வெயிலில் கொதிக்கும் தரையின் சூடு ஏறாமலும், நிழலில் கால் விறைத்துப்போகாமலும் இருக்க இத்தனை ஏற்பாடு. புறங்காலுக்குக் குறுக்கே ஒரு வார் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும்.

உடையைச் செய்தது டெலவேரில் இருந்த ஐ.எல்.சி. நிறுவனம். பிளேடெக்ஸ் என்ற பெயரில் பெண்கள் உள்ளாடை விற்ற குழுமத்திலிருந்து வந்தது அது. தையல் மெஷினில் உட்கார்ந்து அடுக்கடுக்காகத் தைத்தவர்கள் கைதேர்ந்த பெண் தையல்காரர்கள். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் காலடித்தடப் படம், தரையின் மண் எப்படி அமுங்குகிறது என்று ஆராய்வதற்காக ஆல்ட்ரின் தன் கால்தடத்தைத் தானே எடுத்தது. வரிவரியாகப் பதிந்திருப்பது மேல்பூட்ஸின் அடி. வேலை முடிந்ததும் எடையைக் குறைக்க அவரும் ஆம்ஸ்ட்ராங்கும் முதுகுப் பெட்டிகளோடு மேல்பூட்ஸையும் நிலாவிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். அதனால் பூமிக்குத் திரும்பிய ஆம்ஸ்ட்ராங்கின் உடையில் இருப்பது உள் பூட்ஸ் மட்டும். அதன் அடியில் அந்த வரிகள் கிடையாது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பாருங்கள், தடம் பொருந்தவில்லை, நிலவுக்கே போகவில்லை" என்று சுற்றும் வாட்ஸ்அப் தகவலுக்கு இவ்வளவுதான் பதில். பின்னால் 1972 டிசம்பரில் அப்போலோ 17-இல் போன செர்னன் தன் மேல்பூட்ஸைக் கையோடு கொண்டுவந்தார். நிலாவை மிதித்த மேல்பூட்ஸின் படம் வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள்.

நிலாத்தூள் லேசான எதிரி கிடையாது. காற்றும் நீரும் இல்லாத இடத்தில் துகள்களின் முனை மழுங்குவதில்லை. எட்டு மணி நேரம் நிலாவில் நடந்ததில், பயிற்சி உடை நூறு மணி நேரத்தில் தேய்ந்ததைவிட அதிகம் தேய்ந்துவிட்டது என்று அப்போலோ 12 குழு சொன்னது. பூட்ஸுக்கு மேலே உடையின் வெளித்துணி தேய்ந்து உள் அடுக்கே வெளியே தெரிந்தது. ஆகவே முழங்காலிலிருந்து கீழே பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது பொய். சாம்பல்நிறப் பொடி, கரித்தூள் கலந்த டால்கம் பவுடராக இருந்தாலும் சரி, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தேய்த்துவிடுங்கள். பெரிய பாட்டில் எதுவும் தேவையில்லை, மொத்த வேடத்திலும் காசில்லாமல் கிடைக்கும் பலன் இதுதான்.

சரி, செய்யும் பாடு. காலில் இருக்கும் ஷூவுக்கு மேலேயே மாட்டும்படி, கனமான ஃபோம் ஷீட்டில் அடியும், சாம்பல் ரெக்சினில் மேல்பாகமும் வெட்ட வேண்டும். அடிக்கு நீல பெயிண்ட், குறுக்கு வரிகளுக்கு ஃபோம் பட்டைகள், முன்னால் வெள்ளை நாக்கு, வார். உடையின் கால் உள்ளே போக வேண்டும் என்பதால் வாய் அகலமாக இருக்க வேண்டும். ஒட்டியது பிரியாமலிருக்க ஓரத்தைத் தைத்தாக வேண்டும். இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரு சனி ஞாயிறு போய்விடும்.

அதைவிடப் பெரிய செலவு போட்டவருக்கு. அடி தடிமனாவதால் கால் தரையைத் தொடுவது தெரியாது, குழந்தை தடுக்கும். படியில் கையைப் பிடித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். ஃபோமுக்கு அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டாமல் மேடைக்கு அனுப்பவே கூடாது. உள்ளே ஒரு ஷூ, வெளியே ரெக்சின் என்பதால் வேகும். பத்து வயதுக்குக் கீழே இதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்போலோதான் வேண்டும், ஆனால் இவ்வளவு முடியாது என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1969 ஜூலை 16 காலையில் ஆம்ஸ்ட்ராங், காலின்ஸ், ஆல்ட்ரின் மூவரும் கட்டடத்திலிருந்து வெளியே வந்து வண்டியில் ஏறும் படத்தைப் பாருங்கள். கையில் உடைக்குள் காற்றை அனுப்பும் காற்றோட்டப் பெட்டி, தலையில் ஹெல்மெட், காலில் மஞ்சள் ரப்பர் உறை! உடையோடு சேர்ந்த பூட்ஸ் அழுக்காகாமல் இருக்க ஏவுதளம்வரை போட்டுக்கொண்டது அது. மஞ்சள் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினால் வேலை முடிந்தது. அட்டைப் பெட்டி ஒன்றுக்குக் கைப்பிடியும் குழாயும் வைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பெட்டி இல்லாமல் மஞ்சள் பூட்ஸ் மட்டும் போட்டால் மழைக்குக் கிளம்பியவர் போலத்தான் தெரியும்.

## கலத்துக்குள் போட்டவை: அப்போலோ காலுறை, ஸ்கைலேப் ஷூ

நிலாவுக்குப் போகும் வழியில் நாள் முழுக்க யாரும் அழுத்த உடையில் இருக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு லேசான மேல்சட்டை, கால்சட்டைக்கு மாறிவிடுவார்கள். காலில் துணி உறை, அடியில் வெல்க்ரோ. கலத்தின் தரையில் ஒட்டியிருக்கும் வெல்க்ரோவில் அது பிடித்துக்கொள்ளும்.

1973-இல் ஏவிய அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப்பில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. தரை, முக்கோண ஓட்டைகள் நிறைந்த உலோகச் சட்டம். ஷூவின் அடியில் அதே அளவு முக்கோணக் கட்டை. ஓட்டைக்குள் விட்டுப் பாதத்தைத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். 28, 59, 84 நாட்கள் என்று தங்கிய மூன்று குழுக்களும் நின்று வேலை செய்தது இப்படித்தான்.

வேடத்துக்கு இவை எடுபடாது. மேலே ஹெல்மெட் இல்லாத காட்சி என்பதால் கூட்டத்துக்குப் புரியாது. ஆனால் அறிவியல் கண்காட்சிக்கு ஸ்கைலேப் ஷூவை அடிக்க ஆளில்லை. பழைய ஷூவின் அடியில் மரத்துண்டில் வெட்டிய முக்கோணத்தைத் திருகாணியால் முடுக்கி, ஒட்டுப்பலகையில் முக்கோண ஓட்டை போட்டு வைத்துவிட்டால், வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை கையால் மாட்டித் திருப்பிப் பார்க்காமல் போக மாட்டார்கள். தச்சு வேலை தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

## கடையில் விற்கும் 'மூன் பூட்'

இணையத்தில் தேடினால் இது முதலில் வரும். நிலாவில் நடந்ததைப் பார்த்து உந்தப்பட்டு, இத்தாலியின் டெக்னிகா நிறுவனம் 1970 வாக்கில் கொண்டுவந்த பனிக்கால பூட்ஸ். பஞ்சடைத்துப் பருமனாக இருக்கும். விண்வெளி வீரர்களுக்காகச் செய்ததல்ல, விலை அதிகம், நம் வெயிலில் கால் அவிந்துவிடும். விட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| காலணி | பொருந்தும் காட்சி | செய்யும் பாடு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| ககாரின் தோல் பூட்ஸ் | பாராசூட்டில் இறங்கி வயலில் நடப்பது | மிகக் குறைவு | ஹெல்மெட்டில் அதிக உழைப்பு |
| மெர்க்குரி வெள்ளி | இருக்கையில் சாய்ந்து காத்திருப்பது | குறைவு | பெயிண்ட் உதிரும், பூட்ஸ் பாழ் |
| ஜெமினி துணி | மிதப்பது, வெளியே வேலை செய்வது | நடுத்தரம் | மேடைப்பொருள் வேண்டும், அழுக்காகும் |
| அப்போலோ மேல்பூட்ஸ் | நிலாவில் நடப்பது | மிக அதிகம் | தடுக்கும், வேகும், துணையாள் வேண்டும் |
| அப்போலோ மஞ்சள் உறை | ஏவுதளத்துக்குக் கிளம்புவது | கிட்டத்தட்ட இல்லை | காற்றோட்டப் பெட்டி செய்ய வேண்டும் |
| ஸ்கைலேப் ஷூ | கண்காட்சி மேசை | தச்சு வேலை | போட்டு நடக்க முடியாது |

## யாருக்கு எது

சின்னக் குழந்தை, கையில் ஒரு மாலைதான் நேரம் என்றால் மஞ்சள் உறை. தைக்கத் தெரிந்தவர், குழந்தை நாள் முழுக்க அதில் இருக்க வேண்டும் என்றால் ஜெமினி. உட்கார்ந்து நடிக்கும் காட்சி, கைவசம் பழைய பூட்ஸ் இருக்கிறது என்றால் மெர்க்குரி. பெரியவர்கள் நடிக்கும் நாடகம், வசனத்தில் பலம் இருக்கிறது என்றால் ககாரின். அந்த வயல்காட்சியை மேடையில் கொண்டுவர ஒரு பாராசூட் துணியும் பாட்டியும் பேத்தியும் போதும்.

அப்போலோ மேல்பூட்ஸை யார் செய்யலாம்? படம் எடுக்கப் போகிறவர்கள். ஒரு காட்சிக்குப் போட்டுக் கழற்றிவிடலாம், தடுக்கினால் மறுபடி எடுக்கலாம், அடியில் இருக்கும் வரிகள் மணலில் பதிவதை நெருக்கத்தில் காட்டலாம். அத்தனை உழைப்பும் திரையில் தெரியும். மேடைக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இரண்டு காலுக்கும் மேல்பாகத்தை மட்டும் செய்து சாதாரண ஷூவின் மேல் மாட்டிவிடுங்கள். வரி போட்ட நீல அடியைத் தனியாக ஒரு கட்டையில் ஒட்டி, தட்டில் பரப்பிய கோலமாவில் அழுத்தித் தடம் காட்டலாம். உலர்ந்த மாவில் விளிம்பு சரியும். அச்சு நிற்க வேண்டுமென்றால் தண்ணீரை லேசாகத் தெளித்துப் பிசிறிக்கொள்ளுங்கள்.